பெட்டை நாயை இணை சேர்க்கும்போது: நாள் கணக்கு, சினை, ஈற்று

கம்பம், கூடலூர், குமுளி, வண்டிப்பெரியாறு என்று மலைக்குத் தமிழ்நாட்டுப் பக்கமும் கேரளப் பக்கமும் நாய் வளர்ப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. ரத்தம் பட்ட நாளிலிருந்து எண்ணி, பதினோராம் நாள் ஒரு தடவை, பதிமூன்றாம் நாள் ஒரு தடவை கிராஸ் விட வேண்டும் என்பார்கள். சில நாய்களுக்கு அது பலிக்கும். பலிக்காத நாய்க்கு ‘மலடு’ என்று பெயர் வந்துவிடும். பல சமயம் அந்த நாய்க்கு எந்தக் குறையும் இருக்காது, விட்ட நாள்தான் தப்பு. ஒரு பெட்டை ஐந்தாறு நாளிலேயே கருமுட்டை விடும், இன்னொன்று இருபத்தைந்தாம் நாள்வரை இழுக்கும். இரண்டும் ஆரோக்கியமான நாய்களே.

சரியான நாளைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதற்கு முன் தீர்த்துக்கொள்ள வேண்டியது வேறொன்று.

குட்டிகளுக்கு வீடு இருக்கிறதா?

கோம்பை, ராஜபாளையம், சிப்பிப்பாறை, லாப்ரடார் அளவுள்ள நாய்கள் ஒரு ஈற்றில் ஆறு, எட்டு குட்டி போடுவது சாதாரணம். கடுவன் குட்டிகளைக் கேட்டு ஆள் வரும், பெட்டைக் குட்டிகள் தங்கிப்போகும். எஸ்டேட் பாதையிலும் சந்தைக்கடை ஓரத்திலும் விடப்படும் குட்டிகளில் பெரும்பாலானவை பெட்டைகளாக இருப்பது இதனால்தான். பிழைத்துக்கொண்டால் ஒரு வருடத்துக்குள் அவையும் தெருவில் ஈனும். அதனால் இணை சேர்க்கும் முன்பே, “பெட்டையாக இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன்” என்று வாய்விட்டுச் சொன்ன ஐந்தாறு வீடுகள் உங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்தப் பருவம் வேண்டாம்.

ஆளும் வேண்டும். ஈன்ற முதல் பத்து நாள் இரவும் பகலும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு எட்டு வாரம் தினமும் வேலை உண்டு. சிசேரியனுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். குட்டி விற்ற காசில் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு, நடு இரவில் நாய் முக்கிக்கொண்டிருக்கும்போது உதவாது.

சட்டமும் இருக்கிறது. நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்து மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த விதிகளின்படி, இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் முடிந்திருக்க வேண்டும், இணை சேர்க்கும் முன் மருத்துவர் சான்று வேண்டும். வருடத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விதி அனுமதிக்கிறது என்பதற்காக ஐந்து ஈற்றும் எடுக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று போதும். தலையீற்று இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுக்குள் வருவது நல்லது. ஆறு வயதுக்கு மேல் முதன்முறையாகச் சினைப்படுத்துவது நாயின் உயிரோடு விளையாடுவது.

எந்த நாயை விடக் கூடாது? காரணமில்லாமல் கடிக்கிற நாய், பயத்தில் நடுங்குகிற நாய், இடுப்பு மூட்டுக் குறை உள்ள நாய், முன்பு சிசேரியனில் சிக்கலான நாய். ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் காதைக் கவனியுங்கள். வெள்ளைத் தோலுக்கும் காது கேளாமைக்கும் அந்த இனத்தில் மரபுத் தொடர்பு உண்டு. ஒரு காது மட்டும் கேட்காத நாய் வீட்டில் சாதாரணமாகவே நடமாடும், குட்டிகளில்தான் அது வெளிப்படும். முன் ஈற்றில் செவிட்டுக் குட்டி பிறந்திருந்தால் அதே ஜோடியைத் திரும்பச் சேர்க்காதீர்கள். நாட்டு இனங்களை ஒரே தெருவுக்குள் அண்ணன், தங்கை, அப்பன், மகள் என்று சேர்த்தால் குட்டி எண்ணிக்கை குறையும், இறந்து பிறப்பது கூடும். மூன்று தலைமுறை யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பருவத்துக்கு ஒரு மாதம் முன்பு

தடுப்பூசிகள் எல்லாம் இப்போதே முடிய வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி நாள் கடந்திருந்தால் போட்டுவிடுங்கள். உயிருள்ள கிருமி அடங்கிய தடுப்பூசிகளைச் சினைக்காலத்தில் போடக் கூடாது. தாயிடம் இருக்கும் எதிர்ப்புச் சக்திதான் சீம்பால் வழியாகக் குட்டிக்குப் போகும்.

புருசெல்லா ரத்தப் பரிசோதனையைப் பெட்டைக்கும் கடுவனுக்கும் செய்ய வேண்டும். நம் பக்கம் அநேகமாக யாரும் செய்வதில்லை, ஆனால் இதை விடவே கூடாது. இந்தக் கிருமி இருந்தால் 45 நாளுக்கு மேல் சினை கலையும், கடுவனின் விரை கெடும், முழுக் குணம் என்பது அநேகமாக இல்லை. கலைந்த குட்டியையும் நஞ்சையும் (நஞ்சுக்கொடி) வெறுங்கையால் அள்ளும் மனிதருக்கும் தொற்றும்.

அடுத்தது இணைவழிக் கட்டி. தெருவில் திரியும் நாய்களிடம் இது நம் நாட்டில் நிறைய. பிறப்புறுப்பில் பூக்கோசு மாதிரி, தொட்டால் ரத்தம் கசியும் சதை. ஒரே இணைசேர்க்கையில் ஒட்டிக்கொள்ளும். கடுவனின் குறியை உறையிலிருந்து பின்னால் தள்ளி, அடிவரை மருத்துவர் பார்க்க வேண்டும். வெளியே பார்த்து “சுத்தமாக இருக்கிறது” என்று சொன்னால் போதாது.

உண்ணிக் காய்ச்சல் இந்த மலையடிவாரத்தில் சகஜம். ரத்த அணுக்களை எண்ணிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்கிளின் என்ற மருந்து, வயிற்றுக்குள் இருக்கும் குட்டிகளின் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் என்பதால், நோய் இருந்தால் சினைக்கு முன்பே வைத்தியம் முடிய வேண்டும்.

கடுவனைப் பொறுத்தவரை, இரண்டு விரையும் பைக்குள் இறங்கியிருக்க வேண்டும். விந்து உருவாகி வெளிவர இரண்டு மாதம் ஆகும். கடுவனுக்கு இந்த மாதம் கடும் காய்ச்சல் வந்திருந்தால், கோடை வெயிலில் தகரக் கொட்டகையில் கட்டிக் கிடந்திருந்தால், இரண்டு மாதம் கழித்தும் விந்து பலவீனமாக இருக்கும். ஊர் மெச்சும் கடுவன் என்றாலும் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்துவிடுவது நல்லது. நூறில் எழுபது அணுவாவது நேராக ஓட வேண்டும்.

சரியான நாள்

பருவம் நான்கு கட்டம். முதல் கட்டத்தில் பிறப்புறுப்பு வீங்கி ரத்தம் கசியும். கடுவன்கள் மோப்பம் பிடித்து வருவார்கள், பெட்டை சீறித் துரத்தும். சராசரி ஒன்பது நாள், ஆனால் மூன்றும் ஆகலாம், பதினேழும் ஆகலாம். இரண்டாம் கட்டத்தில் கசிவு வைக்கோல் தண்ணீர் நிறமாக வெளுக்கும், வீக்கம் தளர்ந்து மிருதுவாகும், பின்பக்கம் தொட்டால் வாலைப் பக்கவாட்டில் ஒதுக்கி நிற்கும். இதற்கும் சராசரி ஒன்பது நாள். பிறகு இரண்டு மாதம் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் ஆட்சி, அதன் பின் நான்கைந்து மாத ஓய்வு. சில நாய்கள் கடைசிவரை சிவப்பாகவே கசியும். சில நாய்கள் நக்கிச் சுத்தம் செய்துகொள்வதால் ரத்தம் கண்ணிலேயே படாது. அதனால் வெள்ளை டிஷ்யூ காகிதத்தைத் தினமும் காலையில் வைத்து ஒற்றிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கண்ணால் பார்க்கும் அடையாளத்தைவிட நம்பத்தக்கது புரொஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனை. நாய்க்கென்று தனி ஆய்வகம் தேட வேண்டியதில்லை. மனிதர்களுக்குப் புரொஜெஸ்டிரோன் பார்க்கும் ஆய்வகக் கருவியே அளந்து தரும். மருத்துவர் ரத்தம் எடுக்கும்போது ஜெல் இல்லாத சாதாரணச் சிவப்பு மூடிக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள், ஜெல் இந்த ஹார்மோனை உறிஞ்சி எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்துக்கே அனுப்புங்கள். அளவு மில்லிலிட்டருக்கு நானோகிராமா, லிட்டருக்கு நானோமோலா என்று பாருங்கள். முதலாவதை 3.18ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும்.

ரத்தம் கண்ட ஐந்தாறாம் நாள் முதல் பரிசோதனை, பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒன்று. ஒரு நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இன்னும் காலம் இருக்கிறது. 2இலிருந்து 3க்குள் வந்தால் மூளையிலிருந்து முட்டைக்கான உத்தரவு போய்விட்டது என்று பொருள், இரண்டு நாளில் முட்டை வெளிவரும். 5இலிருந்து 8க்குள் இருந்தால் முட்டை வெளிவரும் நேரம். இங்கேதான் நாய் மற்ற விலங்குகளிலிருந்து வேறுபடுகிறது. பெட்டை நாயின் முட்டை பழுக்காமல் வெளிவருகிறது, பழுக்க இன்னும் இரண்டு மூன்று நாள் வேண்டும். அதனால் முட்டை வந்த நாளுக்கு இரண்டு நாள் கழித்து ஒரு தடவை, நான்கு நாள் கழித்து இன்னொரு தடவை இணை சேர்ப்பதே சிறந்தது. நல்ல கடுவனின் விந்து உள்ளே ஐந்து நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும் என்பதால் சற்று முந்தினால் நஷ்டமில்லை. பிந்தினால்தான் குட்டி குறையும்.

ரத்தப் பரிசோதனைக்கு வழியில்லை என்றால், யோனிச் செல்லைப் பஞ்சுக் குச்சியில் எடுத்துச் சாயமேற்றிப் பார்க்கும் முறையை மாட்டாஸ்பத்திரியிலும், கேரளப் பக்கம் மிருகாசுபத்திரியிலும் கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டு ஒன்பது செல் கோணல்மாணலாகத் தட்டையாகி, உட்கரு மங்கியிருந்தால் இரண்டாம் கட்டம். அதுவும் இல்லையென்றால், வாலை ஒதுக்கி நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒன்று விட்டு ஒரு நாள், அது மறுக்கும்வரை விடுங்கள். பதினோராம் நாள் கணக்கைவிட இது எவ்வளவோ மேல்.

இணைசேர்க்கை

பெட்டையைக் கடுவன் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள், காலையிலோ மாலையிலோ வெயில் இல்லாத நேரத்தில். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுக்கும் நாய் என்றால் முதல் நாளே போய்விடுவது நல்லது. வயிறு நிறையச் சாப்பாடு வேண்டாம், தரை வழுக்கக் கூடாது. இரண்டும் மாட்டிக்கொண்டபின் ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணிவரை, சில சமயம் அதற்கு மேலும் அப்படியே நிற்கும். கடுவன் திரும்பிப் பின்னோடு பின்னாக நிற்பதும் இயல்பே. தண்ணீர் ஊற்றாதீர்கள், இழுக்காதீர்கள். இழுத்தால் கடுவனின் குறி கிழியும், பெட்டையின் உள்ளும் கிழியும். இரண்டு பேர் தலைப்பக்கம் பிடித்து அமைதிப்படுத்தினால் போதும். பெட்டை உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடித்து மறுத்தால் வாயைக் கட்டிச் சேர்க்காதீர்கள், பெரும்பாலும் நாள் இன்னும் வரவில்லை என்றுதான் அது சொல்கிறது.

கிராஸ் ஆன பிறகும் பருவம் முடியும்வரை பூட்டியே வையுங்கள். தெருக்கடுவன் ஏறினால் ஒரே ஈற்றில் இரண்டு அப்பன்களின் குட்டி பிறக்கும்.

தவறுதலாகத் தெரு நாயோடு சேர்ந்துவிட்டால், கலைப்பதற்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி கேட்காதீர்கள். கருப்பையில் சீழ் பிடிக்கும், எலும்பு மஜ்ஜை செத்து ரத்தம் ஊறாமல் போகும். பருவமே வராமல் இருக்கப் போடும் புரொஜெஸ்டிரோன் வகை ஊசியும் அதே சீழுக்கு வழி. குட்டி வேண்டாம் என்றால் கருப்பை அகற்றும் அறுவைதான் தெளிவான வழி.

சினை நின்றதா?

மனிதர்கள் சிறுநீரில் பார்க்கும் பட்டை நாய்க்கு வேலை செய்யாது, அந்த ஹார்மோன் நாய்க்குச் சுரப்பதே இல்லை. புரொஜெஸ்டிரோனும் சொல்லாது. சினை நின்றாலும் நிற்காவிட்டாலும் இரண்டு மாதம் அது ஒரே மாதிரி உயர்ந்திருக்கும். சினையே இல்லாமல் மடி இறங்கிப் பால் கட்டி, செருப்பைக் குட்டி மாதிரி காக்கும் பொய்ச்சினைக்குக் காரணம், அந்த ஹார்மோன் கடைசியில் சட்டென்று இறங்குவதுதான். 28ஆம் நாள் ஸ்கேன் பாருங்கள், இதயத் துடிப்பு தெரியும். குட்டி எண்ணிக்கைக்கு 55 நாளுக்கு மேல் ஓர் எக்ஸ்ரே. எத்தனை மண்டை, எத்தனை முதுகெலும்பு என்று எண்ணிக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஈற்று முடிந்ததா இல்லையா என்று நடுராத்திரியில் சொல்லப்போவது அந்த எண்தான்.

சினை நிற்கவில்லை என்றால் இந்த வரிசையில் தேடுங்கள்: முதலில் நாள், பிறகு கடுவனின் விந்து, பிறகு புருசெல்லா, அதற்கும் பிறகு பெட்டையின் கருப்பையும் தைராய்டும். எடுத்த எடுப்பில் பெட்டைக்கு ஊசியும் டானிக்கும் போடுவது பணத்தைக் கரைக்கும். அளவுக்கு மேல் பருத்த நாய்க்கு இளைப்பதே முதல் மருந்து.

சினைத் தீனி

முதல் ஐந்து வாரம் கூடுதலாக எதுவும் வேண்டாம். அப்போது ஊட்டினால் கொழுப்புதான் ஏறும், ஈற்று கடினமாகும். ஆறாம் வாரத்திலிருந்து வாரத்துக்குப் பத்திலொரு பங்கு கூட்டிக்கொண்டே போங்கள். வயிறு குட்டியால் நிறைந்துவிடுவதால் நாளைக்கு நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சோறு குறைந்து கறி, முட்டை கூட வேண்டும். குமுளிப் பக்கம் எளிதில் கிடைக்கும் மத்தி மீனை உப்பு, மிளகாய், வெங்காயம் இல்லாமல் வேகவைத்து முள் எடுத்துக் கொடுக்கலாம். கப்பையில் (மரவள்ளிக்கிழங்கு) மாவுதான் இருக்கிறது, புரதம் இல்லை. அதைக் கொண்டு வயிற்றை நிரப்பாதீர்கள். நல்ல குட்டித் தீவனம் வாங்க முடிந்தால் ஆறாம் வாரத்திலிருந்து அதுவே போதும்.

கால்சியம் மாத்திரையோ டானிக்கோ சினைக்காலத்தில் கொடுக்கவே கூடாது. அன்பால் செய்யும் தவறுகளில் இதுதான் அதிக ஆபத்து. வெளியிலிருந்து கால்சியம் வந்துகொண்டே இருந்தால், எலும்பிலிருந்து எடுத்துத் தரும் சுரப்பி வேலையை மறந்துவிடும். பால் பெருகும் மூன்றாம் வாரத்தில் ரத்தக் கால்சியம் சரிந்து, நாய் மூச்சிரைத்து, கால் விறைத்து, உதறி விழும். மாட்டுக்குப் பால் காய்ச்சல் என்போமே, அதேபோல. அப்போது குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். நரம்பில் மெல்ல ஏற்றும் கால்சியம்தான் காப்பாற்றும்.

குடற்புழு தாயின் தசையில் உறங்கிக் கிடந்து, சினையின் பின்பாதியில் விழித்துக் குட்டிக்குள் போகும். 40ஆம் நாளிலிருந்து ஈன்ற 14ஆம் நாள்வரை தினமும் ஃபென்பெண்டசோல், உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம். மருத்துவரிடம் எடை போட்டு அளவை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஈற்று

நாய் காலை நீட்டிப் படுக்கும் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு அகல நீளத்தில் பெட்டி. உட்சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி, நான்கு அங்குல உயரத்தில் சுற்றிலும் ஒரு கட்டை. தாய் சாயும்போது குட்டி நசுங்காமல் ஒதுங்க அந்த இடைவெளி. கீழே செய்தித்தாள், மேலே பழைய வேட்டித் துணி. சாக்கு வேண்டாம், நூலில் கால் சிக்கும். இரண்டு வாரம் முன்பே அதில் படுக்கப் பழக்குங்கள்.

முட்டை வந்த நாள் தெரிந்தால் ஈற்று 63ஆம் நாள், ஒரு நாள் முன்பின். இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57இலிருந்து 72வரை எங்கும் விழும். ரத்தப் பரிசோதனைக்குச் செலவிட்ட பணம் இங்கே திரும்பி வருகிறது. 58ஆம் நாளிலிருந்து காலை மாலை ஆசனவாயில், நுனியில் தேங்காய் எண்ணெய் தடவிய டிஜிட்டல் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். 101 ஃபாரன்ஹீட் பக்கம் இருந்தது 99க்குக் கீழே இறங்கினால் 24 மணி நேரத்துக்குள் வலி எடுக்கும்.

முதல் கட்டம் தரையைப் பிறாண்டல், நடுக்கம், சாப்பிடாமை. ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம், தலையீற்றில் கூடுதலாகும். பிறகு முக்கல். தலை முன்னால் வருவதும் பின்னங்கால் முன்னால் வருவதும் இரண்டுமே இயல்பு. தாய் பனிக்குடத்தைக் கிழிக்காவிட்டால் நீங்கள் கிழித்து, மூக்கைத் துடைத்து, துண்டால் அழுத்தித் தேயுங்கள். குட்டியைத் தலைகீழாக வீசி உதறும் பழக்கம் வேண்டாம், மூளையில் ரத்தம் கசியும். தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து ஓரங்குலம் விட்டுக் கொதிநீரில் போட்ட நூலால் கட்டி, கத்தரித்து, அயோடின் தொடுங்கள். நஞ்சுகளையும் எண்ணுங்கள்.

உடனே வண்டி எடுக்க வேண்டிய நேரங்கள்: அரை மணி பலமாக முக்கியும் குட்டி வராதபோது, உள்ளே குட்டி இருந்தும் இரண்டு மணி நேரம் இடைவெளி விழும்போது, முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சைத் திரவம் வந்து பின்னால் குட்டி வராதபோது, வெப்பம் இறங்கி ஒரு நாள் தாண்டும்போது, குட்டி பாதியில் சிக்கும்போது. முதல் குட்டிக்குப் பிறகு வரும் பச்சை இயல்பே. கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசியை வீட்டில் போட்டுக்கொள்ளாதீர்கள். குறுக்கே சிக்கிய குட்டி இருந்தால் கருப்பை கிழியும்.

இரவில் அறுவை செய்வது யார் என்பதை 55ஆம் நாளே தொலைபேசியில் பேசி முடிவு செய்யுங்கள். தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, குமுளியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். மழைக்காலத்தில் லோயர் கேம்ப் மலைப்பாதையில் மண் சரிந்தால் அந்த 60 கிலோமீட்டர் கணக்குக்கு வராது. மலை மேலே இருப்பவர்கள் ஜூன், ஜூலை ஈற்றுக்குக் கடைசி மூன்று நாளாவது நாயைக் கீழே உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது புத்திசாலித்தனம்.

குட்டிகள்

பிறந்த குட்டியால் தன் உடல் சூட்டைக் காக்க முடியாது. முதல் வாரம் படுக்கையில் 29இலிருந்து 32 டிகிரி செல்சியஸ் வேண்டும், பிறகு மெல்லக் குறைக்கலாம். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். சூடு போதுமென்றால் குட்டியும் தாயும் மறுமூலைக்கு நகர்ந்துகொள்ளும். கம்பத்துச் சித்திரை வெயிலில் பல்பே தேவைப்படாது. வண்டிப்பெரியாற்று மழையில் மின்சாரம் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வையுங்கள். குளிர்ந்த குட்டிக்குப் பால் ஊட்டாதீர்கள், குடல் வேலை செய்யாது. முதலில் சூடு, பிறகு பால்.

சீம்பாலை முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டியும் குடித்ததா என்று நீங்களே காம்பில் வைத்துப் பாருங்கள். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். பத்து நாளில் பிறந்த எடை இரட்டிக்க வேண்டும். ஒரு நாள் எடை ஏறவில்லை என்றால் அன்றே கவனியுங்கள், மறுநாள் என்று தள்ளினால் குட்டி போய்விடும். தாய்ப்பால் போதாவிட்டால் நாய்க்குட்டிப் பால்மாவு. பசும்பாலில் கொழுப்பும் புரதமும் நாய்க்குப் போதாது. குப்புறப் படுத்த நிலையில் ஊட்டுங்கள், மல்லாக்கப் போட்டால் நுரையீரலுக்குப் போகும். தாயில்லாக் குட்டிக்கு ஒவ்வொரு ஊட்டலுக்குப் பிறகும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்துச் சிறுநீர் வரவைக்க வேண்டும்.

இரண்டாம் வாரம் கண் திறக்கும். இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் வாரங்களில் பூச்சி மருந்து. மூன்றரை வாரத்தில் குழைத்த தீனி. மூன்றாம் வாரத்திலிருந்து மனிதக் கை, குழந்தைச் சத்தம், மிக்ஸி, ஆட்டோ எல்லாம் பழக வேண்டும். எட்டு வாரத்துக்கு முன் பிரித்த குட்டி கடி அளவு தெரியாமல் வளரும். முதல் தடுப்பூசி போட்டு, தாளோடு கொடுங்கள். கேரளப் பக்கம் போகும் குட்டி என்றால் ஊராட்சியில் நாய் உரிமம் எடுக்க வேண்டும் என்றும், மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டும் என்றும் எழுதிக் கொடுங்கள். வளர்க்க முடியவில்லை என்றால் குட்டி உங்களிடமே திரும்ப வரலாம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

ஈன்ற தாய்

பால் உச்சத்தில் இருக்கும் மூன்றாம் நான்காம் வாரத்தில் தாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தீனி வேண்டும், தண்ணீர் எப்போதும் எட்டும் இடத்தில். தினமும் ஒவ்வொரு காம்பையும் தடவிப் பாருங்கள். ஒரு மடி கல்லாகி, சூடாகி, நிறம் மாறினால் அன்றே வைத்தியம். பழுப்புச் சிவப்புக் கசிவு சில வாரம் இருக்கும். அது நாறத் தொடங்கி, காய்ச்சலும் வந்தால் உள்ளே நஞ்சோ குட்டியோ தங்கிவிட்டது.

இனி குட்டி வேண்டாம் என்று முடிவானால், பால் வற்றிய பிறகு கருப்பையை அகற்றிவிடுங்கள். அகற்றாத நாயை ஒவ்வொரு பருவத்துக்குப் பின்னும் இரண்டு மாதம் கவனிக்க வேண்டும். தண்ணீரை நிறையக் குடித்து நிறையச் சிறுநீர் போவது, சோறு மறுப்பது, வயிறு வீங்குவது எல்லாம் கருப்பைச் சீழின் அடையாளம். கருப்பை வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே தெரியும், மூடியிருந்தால் ஒரு சொட்டும் தெரியாது. மூடியதுதான் சீக்கிரம் கொல்லும். அதற்கு மாத்திரை கேட்டு இரண்டு நாள் காத்திருக்காதீர்கள், அன்றே ஸ்கேன் எடுத்து அன்றே அறுவை.